குறிப்பு என்றொரு கட்டம்

ஹிரசே,
ஜனவரி 14, 2013

ஷிகெயோவுக்கு,

பனி முழங்கால்வரை விழுந்திருக்கிறது. இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை. உன் வீட்டில் எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் கடிதம் தொடங்கினால் எழுத மாட்டேன் என்று மருமகள் மிஹோகோ பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அதனால் கேட்டதாக வைத்துக்கொள். என் கட்டைவிரலில் காயம், அவள்தான் எழுதுகிறாள். போன் செய்யாதே. உன் குரல் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது.

போன வியாழக்கிழமை, அரிசிப் போட்டியில் நம் வயல் பெயர் வந்திருக்கிறதா என்று இவள் கம்ப்யூட்டரில் என் முழுப் பெயரைத் தட்டிப் பார்த்தாள். அரிசி வரவில்லை. உன் மகன் செய்த பக்கம் வந்தது. அதில் இந்த ஊர் வீடு அறுபத்து மூன்றும் இருந்தன. எந்த வருடம் யார் உனக்குப் புத்தாண்டு அட்டை போட்டார், யார் போடவில்லை என்று வட்டமும் பெருக்கலுமாக ஒரு பட்டியல். கடைசியில் ‘குறிப்பு’ என்றொரு கட்டம். சலூன்காரன் காமெய்க்கு நேரே, ‘அட்டையில் தன் நாயின் படம் போடுவார், நாயைப் புகழ வேண்டும்.’ கோயில் பிக்குவுக்கு நேரே, ‘மூன்று வருடமாக ஒரே வாழ்த்து.’ எனக்கு நேரே இருந்ததை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. எல்லோரும் வாசித்தாகிவிட்டது. காமெய் அதைப் பிரிண்ட் எடுத்துச் சலூன் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறான்.

பதில் சொல்.

கென்சாகு

சின்ன மாமா, கோபம் மாமாவுடையது, எழுத்து மட்டும்தான் என்னுடையது. நீங்கள் என்ன என்று தெரியாமல் தவிப்பீர்கள் என்பதால் அந்த வரியை இங்கே எழுதுகிறேன்: ‘கட்டைவிரல் கட்டு பொய். எழுத வராது.’ - மிஹோகோ


மட்சுயே,
ஜனவரி 19

அண்ணனுக்கு வணக்கம்.

குளிரில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, முகத்தைத்தான் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. லாண்டரியில் எதையும் மடித்து வைப்பேன், இதை மடிக்க வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ரியோஹெய்க்குப் பகலில் ஆபீஸ். விடுமுறை நாளில் ரூபி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் தனக்குத் தோன்றியதையெல்லாம் செய்வான். இந்த ஊரில் அது ஒரு வியாதி. ரயிலடியில் அதற்கென்றே கூடம் இருக்கிறது, சனிக்கிழமைகளில் இவனைப் போன்றவர்கள் அங்கே போய்ச் சேர்ந்து உட்கார்ந்து ஆளுக்கொரு திரையைப் பார்க்கிறார்கள். எங்கள் தெருவில் எந்தக் கிழமை எந்தக் குப்பை வெளியே வைக்க வேண்டும் என்று சொல்ல ஒரு பக்கம் செய்தான். ஏரிக்கரை பஸ்ஸுக்கு ஒன்று. என் கடையில் துணியைக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களுக்கு ஒன்று. ஃபுமியே செத்து நானும் பையனும் தனியான பிறகு, துக்கத்தில் இருக்கிறோம், இந்த முறை புத்தாண்டு வாழ்த்து கிடையாது என்று எல்லோருக்கும் அட்டை போட வேண்டியிருந்ததே, அதற்காகச் செய்ததுதான் இது.

அதற்குப் பூட்டு இருந்தது. நவம்பரில் அச்சடிக்க உட்கார்ந்தபோது எனக்குப் பாஸ்வேர்டு மறந்துபோனது. ஒரே நாளில் அவன் ஆபீசுக்கு ஏழு தடவை போன் செய்தேன். ஏழாவது தடவை, “அப்பா, அச்சடிக்கிற பக்கத்துக்கு மட்டும் பூட்ட எடுத்துடறேன். முடிச்சதும் ஒரு வார்த்தை சொல்லுங்க, திரும்பப் போட்டுடறேன்” என்றான். நான் முடித்தேன். வார்த்தை சொல்லத்தான் மறந்தேன். அவன் எடுத்தது ஒரே ஒரு வரியாம். என் மறதிக்கு ஒரு வரி போதுமாக இருந்திருக்கிறது. உங்கள் கடிதம் வந்த பத்தாவது நிமிடம் பக்கத்தை மூடிவிட்டான்.

குறிப்புகள் என்னுடையவை. நான் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். கோட்டு வந்தால் ‘இடது பையில் கறை’ என்று சீட்டு எழுதிக் குத்துகிற கை இது. பழக்க தோஷத்தில் மனிதர்களுக்கும் குத்திவிட்டேன். தரையில் நெற்றி பட விழுந்து கேட்கிறேன், மன்னித்துவிடுங்கள்.

ஜூலை 14 ஃபுமியேயின் ஓராண்டு. அன்று அவள் அஸ்தியை நம் கல்லறையில் வைக்கலாம் என்று சாவன்று நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறதுதானே?

பனியில் வழுக்காமல் நடங்கள்.

ஷிகெயோ


ஹிரசே,
பிப்ரவரி 8

ஷிகெயோவுக்கு,

முழங்காலை நீ விசாரிக்க வேண்டாம். அது என்னுடையது.

அப்படியே இல்லை. அது உன் வீட்டுக் கல்லறை இல்லை, இந்த வீட்டுடையது. கல்லைத் திறக்க மூத்த வீட்டுக்காரன் தலையசைக்க வேண்டும். நான் அசைக்கப்போவதில்லை. பிக்குவிடமும் சொல்லிவிட்டேன். மூன்று வருடமாக ஒரே வாழ்த்து அனுப்பியவர் அவர், உன் பக்கம் பேச அவருக்கும் ஆசையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாதையில் பனி அள்ள வீட்டுக்கு ஓர் ஆள் போனோம். முடிந்ததும் வந்தவர்கள் பெயர் எழுத வேண்டும். காமெய் எல்லோர் முன்னாலும் பெயர்த்தாள் வைத்த அட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டினான். “அண்ணே, நீங்க எழுதறீங்களா? இல்ல இன்னிக்கும் வெரலு வலிக்குதா?” பதினெட்டுப் பேர். சிரிக்காதவர்கள் இரண்டு பேர், அவர்களுக்குக் காது கேட்காது.

அப்பா போனபோது நான் மூன்றாம் வகுப்பு. நான் ஏரைப் பிடித்தேன், நீ புத்தகத்தைப் பிடித்தாய். நீ படித்தது என் முதுகில் உட்கார்ந்து. அந்தப் படிப்பை வைத்து நீ உலகத்துக்கே எழுதிக் காட்டியது, எனக்கு எழுத வராது என்பதை.

உன் மகன் செய்த பக்கங்கள் எல்லாவற்றையும் அழிக்கச் சொல். குப்பைப் பக்கம் உட்பட.

கென்சாகு

சின்ன மாமா, மாமா சாப்பிடுவது குறைந்திருக்கிறது. - மிஹோகோ


மட்சுயே,
பிப்ரவரி 24

அண்ணனுக்கு வணக்கம்.

சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். என்மேல் கோபப்படவாவது தெம்பு வேண்டும்.

போன புதன்கிழமை நான் வந்தது உங்களுக்குத் தெரியும். கடையை மூடிவிட்டு, இனிப்புப் பெட்டியோடு கடைசி நிறுத்தம்வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து நடந்தேன். இரண்டு இடத்தில் விழுந்தேன், பெட்டி விழவில்லை. கதவுக்கு அந்தப்புறம் மிஹோகோ, “சின்ன மாமா, போயிடுங்க. மாமா இல்லைன்னு சொல்லச் சொல்றாரு” என்றாள். அதற்கும் உள்ளேயிருந்து, “இல்லைன்னு மட்டும் சொல்லு. சொல்லச் சொன்னேன்னு ஏன் சொல்ற?” என்று ஒரு குரல். இல்லாதவர் குரல் நல்ல திடமாகவே இருந்தது, அதுவரை சந்தோஷம். பெட்டியை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

சலூனுக்கும் போனேன். கண்ணாடியில் இருந்த தாளைத் தரச்சொல்லிக் கேட்டேன். “முடி வெட்டிக்கிட்டா தரேன்” என்றார் காமெய். எனக்கு இருக்கிற முடிக்கு அது அநியாயம். இருந்தாலும் உட்கார்ந்தேன். வெட்டி முடித்துக் கழுத்தைத் துடைத்துவிட்டு, “இதே தாளு இன்னும் நாலு இருக்கு” என்றார்.

ரியோஹெய் உங்களுக்குத் தானே எழுத வேண்டும் என்று நிற்கிறான். நான் தடுத்து வைத்திருக்கிறேன். அவனுக்குக் கம்ப்யூட்டரோடு பேசத் தெரியும், பெரியவர்களோடு பேசத் தெரியாது. அவன் என்ன எழுதினாலும் நம்ப வேண்டாம்.

குற்றம் என்னுடையது, தண்டனையும் எனக்கே இருக்கட்டும். ஜூலையை மட்டும் மறுபடி யோசியுங்கள்.

ஷிகெயோ


ஹிரசே,
மார்ச் 10

ஷிகெயோவுக்கு,

பனி உருகுகிறது. நான் உருகவில்லை.

இனிப்பைக் காமெயின் நாய்க்குக் கொடுத்தேன். புகழ்ந்துகொண்டே தின்றது.

ஊருக்கு வெளியே நகராட்சிக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெயர் பதிந்தால் யாருக்கும் இடம் தருவார்கள். உனக்குத்தான் எழுத வருமே.

கென்சாகு


மட்சுயே,
மார்ச் 31

அண்ணனுக்கு வணக்கம்.

கோட்டைப் பக்கம் செர்ரி பூத்துவிட்டது. போன வருடம் ஃபுமியேயைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். திரும்பும்போது மேட்டில் மூச்சு வாங்கியது எனக்குத்தான், “நீங்க உக்காருங்க, நான் தள்றேன்” என்றாள்.

நீங்கள் சொன்னபடி எல்லாப் பக்கங்களையும் அழித்துவிட்டான் ரியோஹெய். அழிக்கச் சொன்னது நான், அதற்கும் சேர்த்து என்னோடு பேசுவதில்லை. குப்பைப் பக்கம் போனதில் எங்கள் தெருவே தடுமாறிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஒருவர் கண்ணாடி பாட்டில்களை வைக்கிறார், இன்னொருவர் பழைய பாயை வைக்கிறார். வண்டிக்காரர் எல்லாவற்றிலும் ‘எடுக்கப்படாது’ என்று சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போகிறார். பக்கத்து வீட்டு அம்மாள் என்னிடம் வந்து, “ஒங்க பையனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று விசாரித்தார். சரியில்லைதான். நாலு வருடம் கட்டியதை ஒரு மதியத்தில் அழித்தவன், சனிக்கிழமைகளில் கூடத்துக்கும் போகாமல் சோறு வேகும் பானையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

நகராட்சித் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது, எண்கள் போட்டிருக்கிறார்கள். அவளுக்கு 418 வருமாம். முப்பது வருடம் நம் வீட்டுப் பெரியவர்களின் கல்லுக்குப் பூ வைத்துத் தண்ணீர் ஊற்றியவள் அவள். நான் போனதைவிட அதிகம் போயிருக்கிறாள். படிவத்தில் 418 என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை அண்ணா. எனக்கும் அன்று வரவில்லை.

அவள் இப்போது கடைக்குப் பின்னறையில், யாரும் வாங்க வராத கோட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். நான் செத்தால் என்னை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். அவளை உள்ளே விடுங்கள்.

ஷிகெயோ


மட்சுயே,
ஏப்ரல் 21

பெரியப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? நாங்கள் இருக்கிறோம். அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். மிஹோகோ அக்கா, இதை யாரும் இல்லாதபோது பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பூட்டை எடுத்தது நான். அப்பா மறந்தாலும், திரும்பப் போட்டோமா என்று பார்ப்பது என் வேலை. அதற்கு நீங்கள் என்ன திட்டினாலும் சரி. ஆனால் அப்பாவைத் திட்டாதீர்கள். குறிப்புகள் அவருடையவை அல்ல. அவை அம்மாவின் முகவரி நோட்டிலிருந்து நான் பார்த்துத் தட்டியவை. அச்சடித்தபோது அப்பா முகவரிகளை மட்டும்தான் பார்த்திருக்கிறார். அவரிடம் அந்த நோட்டை நான் காட்டியதே நீங்கள் எழுதிய முதல் கடிதம் வந்த பிறகுதான். படித்துவிட்டு, “இது அம்மாவோடதுன்னு தெரிஞ்சா பெரியப்பா கல்லறையத் திறக்க மாட்டாரு. நான் எழுதினதாவே இருக்கட்டும்” என்றார். நான் மாட்டேன் என்றேன். என் சட்டையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். இருபத்தெட்டு வயதில் அப்பா என் சட்டையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. இன்று அந்தச் சத்தியத்தை மீறுகிறேன். நீங்கள் திட்டி எழுதும் கடிதங்களை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இஸ்திரி போடுகிறார்.

இன்னொன்று. இது என் பிழை மட்டுமே. அச்சடிக்கும் பக்கத்தில் பட்டியல் தாளுக்குள் அடங்க வேண்டும் என்று, குறிப்பு நீளமாக இருந்தால் ஒரு வரியோடு வெட்டிவிடும்படி நிரலில் எழுதியிருந்தேன். நீங்கள் எல்லோரும் பார்த்தது வெட்டிய வரி. நோட்டுப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அம்மா எழுதியது முழுதும் இது:

‘கட்டைவிரல் கட்டு பொய். எழுத வராது. கல்யாணமோ சாவோ, மூத்தவர் வருமுன் போய் வாசலில் உள்ள வருகையேட்டில் அவர் பெயரையும் ஊரையும் நான் எழுதிவிட வேண்டும். யாரும் அவரிடம் பேனா நீட்டும்படி விடக்கூடாது. ஷிகெயோவுக்கும் தெரிய வேண்டாம், கேலி செய்வார்.’

இனி நான் எந்தப் பக்கமும் செய்யப்போவதில்லை.

ரியோஹெய்


மட்சுயே,
மே 6

அண்ணனுக்கு வணக்கம்.

நாற்று நடும் நேரம், இடுப்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பையன் உங்களுக்கு எழுதிவிட்டதாக நேற்றுத்தான் சொன்னான். சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான், அதிலேயே ஏதோ கெட்டது என்று தெரிந்தது. அவன் எழுதியது பொய். அந்த நோட்டில் இருப்பது ஃபுமியேயின் கையெழுத்துப் போலத் தெரியலாம். நான் அவளைப் போல எழுதுவேன். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தால் எழுத்தும் ஒன்றாகிவிடும். கடைசியில் ‘ஷிகெயோவுக்கும் தெரிய வேண்டாம்’ என்று இருப்பதற்கு என்ன சொல்வது என்று நேற்று முதல் யோசிக்கிறேன். நானே எனக்குத் தெரியாமல் எழுதினேன் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவளிடம் கோபப்படாதீர்கள். என்னிடம் படுங்கள், எனக்குப் பழகிவிட்டது.

ஷிகெயோ


மட்சுயே,
ஜூன் 16

அண்ணனுக்கு வணக்கம்.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. துணி காய்வதில்லை. உங்கள் உடம்பு எப்படி?

மார்ச்சுக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. திட்டியாவது எழுதுங்கள். கல் திறக்கிறவர் நாள் கேட்கிறார். ‘இன்னும் தெரியாது’ என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். நான்காவது முறை அவரே போன் செய்வதை நிறுத்திவிட்டார். இந்த மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் 418க்குக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஷிகெயோ


ஹிரசே,
ஜூன் 29

சிகெயோ

இது என் கை. மிகோகோ வயலுக்குப் போயிருக்கா. தப்பு இருக்கும். சிரிச்சா வந்து அடிப்பேன். எட்டு நாளா எழுதறேன். ரெண்டு மாசமா அவகிட்ட சொல்ல வாயெடுத்தேன். அவ பேனாவால இத எழுத முடியல.

ஒடம்பு நல்லா இருக்கா. இந்தத் தடவ நான் கேக்கறேன்.

நீதான் எழுதினேன்னு சொன்னப்பவே பொய்னு தெரியும். உனக்கு அவ்வளவு கண்ணு கெடையாது. பக்கத்துல ஒக்காந்து இருந்தாலும் உனக்கு ஒண்ணும் தெரியாது. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். யாருடா இத எழுதினதுன்னுதான் தெரியல. அதுதான் கோவம்.

முப்பது வருசம் எங்க போனாலும் ஏட்டுல என் பேரு எனக்கு முன்னாடியே எழுதி இருக்கும். மூத்த வீட்டுக்காரனுக்கு அது மரியாதைன்னு நெனச்சேன். தலைய நிமித்திக்கிட்டு உள்ள போவேன்.

போன வருசம் புமியே சாவுக்கு வந்தேன். ஏட்டுல என் பேரு இல்ல. ஒருத்தி பேனாவ நீட்டினா. வெரலக் காட்டிட்டு உள்ள போனேன். தம்பி வீட்டுல மரியாதை போச்சுன்னு உன்மேல அன்னிக்கே கோவம். இப்பதான் தெரியுது யாரு இல்லாம போனான்னு.

உன்ன மன்னிக்கல. பூட்ட மறந்தது நீ. சலூன் தாளு நாலும் நான் போய்க் கிழிச்சேன். காமெய் நாயப் பிடிச்சுக்கிட்டான். நாய் கொலச்சுது.

பையன்கிட்ட சொல்லு. எல்லாத்தையும் திரும்பச் செய்யட்டும். குப்பையும் செய்யட்டும். யாரு சொல்றதையும் பாதில வெட்டற மாதிரி மட்டும் செய்யக் கூடாது.

கல்லுக்காரன்கிட்ட நானே நேர்ல போய்ச் சொல்லிட்டேன். பதினாலாம் தேதி காலைல பத்து மணி. அவளக் கூட்டிட்டு வா.

வாசல்ல ஏடு வைக்கணும். என் பேர யாரும் எழுதிடாதீங்க. மொத வரிய விட்டு வை.

கென்சாகு